குளிசை ஒன்று, மருந்து இரண்டு

குடும்ப சுகாதாரம்

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். விருந்தைப் பொறுத்தவரையில் இப்பழமொழியை நினைவில் வைத்திருக்கும் நாம், மருந்தைப் பொறுத்தவரையில் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். நாரிப்பிடிப்புக்கென வைத்தியர் கொடுத்த குளிசைகளில் மிஞ்சியவற்றை அலுமாரியிற் பத்திரப்படுத்தி, ஆறு மாதம் கழித்து அயல் வீட்டாரின் கழுத்துச் சுளுக்குக்கும் எடுத்துக் கொடுப்பது நம்மிடையே சர்வசாதாரணமான வழக்கம். கொடுப்பவர் அன்பினாலே கொடுக்கிறார். வாங்குபவர் நம்பிக்கையினாலே விழுங்குகிறார். அந்தச் சிறு குளிசையினுள் இருப்பது ஒரு மருந்தா, இரண்டா, மூன்றா என்பதை இருவருமே பார்ப்பதில்லை.

தசைப்பிடிப்புக்கும் உடல்நோவுக்குமாக இந்நாளிற் பெருவழக்காய்ப் பாவிக்கப்படும் கூட்டு மருந்துகளைப் பற்றி இவ்வாரம் ஆராய்வோம். அம்மருந்துகள் தீயவை என்று கூறுவது நமது நோக்கமன்று. முறையறிந்து, சில நாட்களுக்கு மட்டும் பாவித்தால் அவை நோவைத் தணிக்கும். முறையறியாது பாவிக்கும்போது, நோவு தணிந்துகொண்டிருக்கும் அதே வேளையில் ஈரலோ, இரைப்பையோ, சிறுநீரகமோ சத்தமின்றிக் கெட்டுக்கொண்டிருக்கக்கூடும். ஆகவே, வீட்டில் மருந்து எடுத்துக் கொடுக்கும் பொறுப்புடைய ஒவ்வொருவரும் இவ்விடயத்தை அறிந்திருத்தல் அவசியம்.

தசைப்பிடிப்பு என்பது யாது?

ஒரு தசை நம் விருப்பமின்றியே இறுகி, இறுகிய நிலையிலேயே நின்றுவிடுவதைத் தசைப்பிடிப்பு என்கிறோம். கிணற்றடியில் நிறைகுடத்தைத் தூக்கும்போதும், விறகு கொத்தும்போதும், நெடுநேரம் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருக்கும்போதும் நாரி பிடித்துக்கொள்கிறது. பரீட்சைக் காலத்தில் மேசைமேற் கவிழ்ந்து படிக்கும் மாணவருக்கும், கைத்தொலைபேசியை மடியில் வைத்துத் தலைகுனிந்திருப்போருக்கும் கழுத்துப் பிடித்துக்கொள்கிறது. இவ்விறுக்கம் பல வேளைகளில் உடம்பு தானாகவே இடும் காவல் என்று சொல்லலாம். நொந்துபோன மூட்டையோ நரம்பையோ மேலும் அசையவிடாது தடுப்பதற்காக அயலிலுள்ள தசைகள் இறுகுகின்றன. இறுகிய தசை தானும் நோகத் தொடங்குகிறது. நோவினால் இறுக்கமும் இறுக்கத்தினால் நோவும் மாறிமாறி வளர்கின்றன. இச்சுழற்சியை இரு பக்கத்தாலும் ஒருங்கே அறுக்கலாம் என்ற எண்ணத்திலேதான் நோவகற்றும் மருந்தையும் தசையைத் தளர்த்தும் மருந்தையும் ஒரே குளிசையிற் கூட்டினார்கள்.

இங்கே ஓர் உண்மையை முதலிலேயே மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். திடீரென வரும் சாதாரண நாரிப்பிடிப்பு பெரும்பாலும் சில கிழமைகளுள் தானாகவே மாறிவிடுகிறது. அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 1,652 நோயாளரை வைத்துச் செய்யப்பட்ட ஆராய்ச்சியொன்றின் முடிவு 2014ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவர்களிற் சிலருக்குப் பரசிற்றமோலும் ஏனையோருக்கு மருந்தில்லா வெறுங்குளிசையும் கொடுக்கப்பட்டன. மருந்துண்டோர் குணமடைய எடுத்த காலம், நடுத்தரமாகப் பார்க்குமிடத்து, 17 நாட்கள். வெறுங்குளிசை உண்டோருக்கு 16 நாட்கள்! மறு ஆண்டில், 2015இல், நியூயோர்க்கில் 323 நோயாளரிடம் இன்னோர் ஆராய்ச்சி நடைபெற்றது. அழற்சியைத் தணிக்கும் நப்ரொக்சன் என்னும் மருந்து எல்லோருக்கும் கொடுக்கப்பட்டது. அதனோடு ஒரு பகுதியினர் தசைதளர்த்தும் மருந்தையும், இன்னொரு பகுதியினர் அபின் இனத்து மருந்தும் பரசிற்றமோலும் கூடிய குளிசையையும், எஞ்சியோர் வெறுங்குளிசையையும் பெற்றனர். ஒரு கிழமை கழித்துப் பார்த்தபோது இம்முத்திறத்தாரிடையேயும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

ஆகவே, குளிசையைக் கூட்டுவதால் சுகம் விரைந்து வரும் என்று எண்ணி அதன் பின்னாற் போவது வீண். காலமும் இதமான நடமாட்டமும் உடம்பைக் குணப்படுத்துகின்றன. அதுவரை நோவைப் பொறுத்துக்கொள்ள உதவும் துணையாகவே மருந்தைக் கருத வேண்டும். இவ்வளவு சிறிய உதவிக்காக ஈரலைப் பணயம் வைக்கலாமா என்பதே கேள்வி.

குளிசையின் உள்ளே

தசைப்பிடிப்புக்குரிய கூட்டுக்குளிசைகள் பல வகையின. பரசிற்றமோலோடு ஒர்பெனட்ரின், குளோர்சொக்சசோன், மெதோகார்பமோல் முதலிய தசைதளர்த்தும் மருந்துகளுள் ஒன்றைச் சேர்த்தவை ஒரு வகை. பரசிற்றமோலோடு டைக்குளோபெனாக், இபுபுரோபென் போன்ற அழற்சி தணிக்கும் மருந்தைச் சேர்த்தவை இரண்டாம் வகை. இம்மூவினத்தையும் ஒருங்கே அடைத்தவை மூன்றாம் வகை. பரசிற்றமோலோடு கோடீன் என்னும் அபின் இனத்து மருந்தைச் சேர்த்தவை நான்காம் வகை. இந்நான்கினுள்ளும் பரசிற்றமோல் இருப்பதை வாசகர் கவனித்திருப்பர். ஆபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. அதனைச் சற்றுப் பின்னர் பார்ப்போம்.

முதலில் தசைதளர்த்தும் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெயரைக் கேட்டவுடன், அது நேரே நாரியிலோ கழுத்திலோ உள்ள தசையை அடைந்து அதைத் தளர்த்துகிறது என்றே எவரும் நினைப்பர். உண்மை வேறு. மேலே கூறிய தசைதளர்த்தும் மருந்துகள் மூளையிலும் முண்ணாணிலும் வேலை செய்து, அங்கிருந்து வரும் கட்டளைகளை மந்தப்படுத்துகின்றன. நித்திரை மயக்கம், தலைச்சுற்று, கவனக்குறைவு ஆகியன அவற்றோடு கூடவே வருவதன் காரணம் இதுவே. இதனை அறிந்தவர் அக்குளிசையை உண்டுவிட்டு முச்சக்கரவண்டியின் கைப்பிடியைப் பிடிக்கமாட்டார், பனையில் ஏறமாட்டார், வள்ளத்திற் கடலுக்குப் போகமாட்டார், அரிவாள்மனையின் முன்னும் அமரமாட்டார். கள்ளோ சாராயமோ அருந்தியவர் அன்று இக்குளிசையைத் தொடவே கூடாது. இரண்டும் மூளையை மந்தப்படுத்துவனவாகையால், ஒன்றோடொன்று கூடி மூச்சையே தளர்த்திவிடக்கூடும். நித்திரைக் குளிசைக்கும் இதுவே விதி.

தடிமனுக்கும் ஒவ்வாமைக்கும் நாம் வீட்டில் வைத்திருக்கும் பிரிற்றன் போன்ற குளோர்பெனிரமீன் குளிசையையும் இங்கே மறக்கலாகாது. ஒர்பெனட்ரினைப் போலவே அதுவும் நித்திரையை உண்டாக்கும்; வாயை உலர்த்தும்; சிறுநீரைத் தடுக்கும். இரண்டும் சேர்ந்தால் இத்தொல்லைகளும் இரட்டிக்கும்.

இவ்வினத்து மருந்துகள் பழகிப்போவதும் உண்டு. கரிசொப்புரடோல் என்னும் தசைதளர்த்தும் மருந்து போதைக்கும் அடிமைத்தனத்துக்கும் இடமளிக்கின்றது என்பதால், அதன் விற்பனை அனுமதியை நிறுத்திவைக்கும்படி ஐரோப்பிய மருந்து நிறுவகம் 2007ஆம் ஆண்டிற் பரிந்துரைத்தது. அமெரிக்காவிலும் 2012 முதல் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. கோடீன் சேர்ந்த குளிசையும் நெடுநாள் உண்டால் மலச்சிக்கலையும், விடமுடியாத பழக்கத்தையும் தரும்.

எண்ணிக்கை தவறும் இடம்

பரசிற்றமோல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதன்முதல் ஆக்கப்பட்டது. எனினும் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1956ஆம் ஆண்டிற் பிரித்தானியாவில் பனடோல் என்னும் பெயருடன் விற்பனைக்கு வந்தது. இன்று நம் நாட்டிற் பனடோலை அறியாத வீடு இல்லை. அஸ்பிரினைப் போல இரைப்பையைப் புண்படுத்தாமையால் அது வெகு சாதுவான மருந்து என்று பெயரெடுத்தது. அளவோடு உண்பவருக்கு அது உண்மையிலேயே சாதுவான மருந்துதான். அளவு மீறினால் ஈரலை அழிக்கும் என்பதை 1966ஆம் ஆண்டிலேயே வைத்தியர்கள் எடுத்துக் காட்டினர்.

அது எவ்வாறு நிகழ்கின்றது? நாம் உண்ணும் பரசிற்றமோலின் பெரும்பகுதியை ஈரல் தீங்கற்ற பொருள்களாக மாற்றிச் சிறுநீரோடு வெளியேற்றுகிறது. மிகச் சிறிய பகுதி மட்டும் நஞ்சாக மாறுகிறது. அந்நஞ்சை உடனுக்குடன் முறிப்பதற்குக் குளூட்டதியோன் என்னும் பொருளை ஈரல் சேமித்து வைத்திருக்கிறது. அளவுக்கு மேற் பரசிற்றமோல் வந்து சேரும்போது நஞ்சு பெருகிச் சேமிப்பு தீர்ந்துபோகிறது. அதன் பின்னர் அந்நஞ்சு ஈரலின் கலங்களையே தாக்குகிறது. பட்டினி கிடப்போரிடத்தும், மது அருந்துவோரிடத்தும், உடல் மெலிந்தோரிடத்தும் இச்சேமிப்பு முன்னமே குறைந்திருக்கும். ஆதலால் அவர்களுக்கு ஆபத்தும் விரைவில் வரும்.

சுகதேகியான வளர்ந்த ஒருவர் 24 மணித்தியாலத்தில் உண்ணக்கூடிய பரசிற்றமோலின் உச்ச அளவு 4,000 மில்லிகிராம். 500 மில்லிகிராம் குளிசையாயின், அது எட்டுக் குளிசை. 50 கிலோகிராமுக்குக் குறைந்த நிறையுடையவர்களுக்கும், ஈரல் நோயாளருக்கும், மதுப்பழக்கம் உடையவர்களுக்கும் அவ்வளவும் ஆகாது. அவர்களுக்குரிய அளவை வைத்தியரே சொல்ல வேண்டும்.

இனி மாணவர்கள் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். ஒருவருக்கு நாரி பிடித்துவிட்டது. ஒர்பெனட்ரின் 35 மில்லிகிராமும் பரசிற்றமோல் 450 மில்லிகிராமும் கொண்ட கூட்டுக்குளிசையை வேளைக்கு இரண்டாக நாளுக்கு மூன்று வேளை உண்ணும்படி அவருக்குச் சொல்லப்படுகிறது. இதனால் உடம்பிற் சேரும் பரசிற்றமோல் 2,700 மில்லிகிராம். இது எல்லைக்குள் இருக்கின்றது. நோவு முற்றாக அடங்கவில்லை. "பனடோல் தானே, என்ன செய்யப்போகிறது?" என்று வேளைக்கு இரண்டாக நான்கு வேளை அதனையும் உண்கிறார். அது 4,000 மில்லிகிராம். அதே கிழமையில் தடிமனும் பிடித்துக்கொள்ள, பரசிற்றமோல் கலந்த தடிமன் குளிசையொன்றை மூன்று வேளை உண்கிறார். அதில் 500 மில்லிகிராம் வீதம் இருப்பின் இன்னும் 1,500. மொத்தம் 8,200 மில்லிகிராம். உச்ச அளவின் இருமடங்குக்கு மேல்! அம்மனிதரைக் கேட்டால், "நான் எந்தக் குளிசையையும் சொன்ன அளவுக்கு மேல் எடுக்கவில்லை" என்று சத்தியம் செய்வார். அவர் சொல்வதும் மெய்யே. அவர் குளிசைகளை எண்ணினார். குளிசைக்குள் இருந்த மருந்தை எண்ணவில்லை.

இத்தகைய தவறு அறியாதவரிடத்து மட்டும் நிகழ்வதன்று. மருந்துச்சிட்டையின்பேரில் வழங்கப்படும் கூட்டுக்குளிசை ஒவ்வொன்றிலும் பரசிற்றமோல் 325 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011ஆம் ஆண்டில் உற்பத்தியாளரைக் கேட்டுக்கொண்டது. ஒரே மருந்தைப் பல பெயர்களில் அறியாது உண்டு ஈரலைக் கெடுத்துக்கொண்டவர்கள் அந்நாட்டிலும் இருந்தமையே அதற்கு ஒரு காரணம்.

பெயரைப் பார்க்கும் பழக்கம்

மருந்துக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று உற்பத்தி செய்யும் கம்பனி இட்ட வியாபாரப் பெயர். பெட்டியிற் பெரிய எழுத்திற் பளிச்சென்று தெரியும். மற்றையது மருந்தின் இயற்பெயர். பெரும்பாலும் அதன் கீழே சிறிய எழுத்தில் ஒதுங்கியிருக்கும். வியாபாரப் பெயர்கள் நூறு இருக்கலாம், இயற்பெயர் ஒன்றே. இயற்பெயரால் மருந்துகளை வாங்கவும் வழங்கவும் வேண்டும் என்று உலக நாடுகள் பலவற்றுக்கும் முன்னோடியாக வாதாடியவர் நம் நாட்டு மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே ஆவார். 1971ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரும் அவரே. அவர் நாட்டின் செல்வத்தைக் காக்க வகுத்த அவ்வழி, இன்று நம் ஈரலைக் காக்கவும் உதவுகின்றது. இரு குளிசைகளின் இயற்பெயர்களை அருகருகே வைத்துப் படிப்பவர் ஒரே மருந்தை இருமுறை விழுங்கமாட்டார்.

வெளிநாட்டிலிருந்து வரும் மருந்துகளில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். கனடாவிலிருந்து வரும் உறவினர் பெட்டி நிறைய ரைலனோல் கொண்டுவருவர். அதன் உறையில் அசிற்றாமினோபென் என்று எழுதியிருக்கும். வட அமெரிக்காவில் வழங்கும் அசிற்றாமினோபென் என்னும் பெயரும் நாம் வழங்கும் பரசிற்றமோல் என்னும் பெயரும் ஒரே மருந்தையே குறிப்பன. கனடாவில் அசிற்றாமினோபெனும் மெதோகார்பமோலும் கலந்த தசைப்பிடிப்புக் குளிசையை மருந்துச்சிட்டையின்றியே வாங்கலாம். ஆகையால் அதுவும் அப்பெட்டியில் இருக்கக்கூடும். இந்தியாவுக்கு யாத்திரை சென்று மீள்வோர் கொண்டுவரும் கூட்டுக்குளிசைகளும் அப்படியே. 2024ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் இந்திய அரசாங்கம் 156 கூட்டு மருந்துகளைத் தடைசெய்தது. அசெக்குளோபெனாக் 50 மில்லிகிராமும் பரசிற்றமோல் 125 மில்லிகிராமும் சேர்ந்த குளிசை அவற்றுள் ஒன்று. இரு மருந்துகளைக் கூட்டிவிட்டதனாலேயே ஒரு குளிசை மேலானதாகிவிடாது என்பதற்கு இது சான்று.

வைத்திய நிலையங்களிற் சிறு கடதாசி உறையிலிட்டுத் தரப்படும் குளிசைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். உறையின்மேல் "காலை 2, இரவு 2" என்று மட்டும் எழுதியிருந்தால், "தயவுசெய்து மருந்தின் பெயரையும் எழுதித் தாருங்கள்" என்று பணிவாகக் கேளுங்கள். அது மரியாதைக்குறைவு ஆகாது, நோயாளரின் உரிமை. பெயர் தெரியாத குளிசையை உண்டவர் மயங்கி விழுந்தால், ஆஸ்பத்திரியில் உள்ளவர்களுக்கும் எதற்குச் சிகிச்சை செய்வது என்பது தெரியாமற் போகும்.

எவருக்கு ஆகாது?

ஒர்பெனட்ரின் கலந்த குளிசையைக் குளுக்கோமா என்னும் கண்ணழுத்த நோயுள்ளவர்களும், புரொஸ்ரேற் சுரப்பி வீங்கிச் சிறுநீர் கழிக்க வருந்தும் முதியவர்களும், மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைச்சோர்வு நோயுள்ளவர்களும் உண்ணலாகாது. வயது முதிர்ந்தோரில் இம்மருந்து மூளையைக் குழப்பக்கூடும். நேற்று வரை தெளிவாகப் பேசிக்கொண்டிருந்த அப்பாச்சி இன்று ஆள் தெரியாமற் பிதற்றுகிறார் என்றால், "அறளை பெயர்ந்துவிட்டது" என்று முடிவுகட்டுமுன், கடந்த சில நாட்களிற் புதிதாக என்ன குளிசை கொடுத்தோம் என்று எண்ணிப் பாருங்கள். இரவில் எழுந்து நடக்கையிற் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதும் இதனால் நேரக்கூடும்.

டைக்குளோபெனாக், இபுபுரோபென் முதலியன கலந்த குளிசைகள் குடற்புண் உள்ளவர்களுக்கும், சிறுநீரக நோயாளருக்கும், இருதயம் பலவீனப்பட்டவர்களுக்கும் ஆகா. ஆஸ்துமா எனப்படும் தொய்வு நோயுள்ளவர் சிலருக்கு இவை மூச்சுத்திணறலை எழுப்பும். இரத்த அழுத்தத்துக்கு மருந்து உண்பவர்களும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வோபரின் உண்பவர்களும் வைத்தியரைக் கேளாது இவற்றைத் தொடலாகாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் எந்தக் கூட்டுக்குளிசையையும் தாமாக எடுக்கலாகாது. வளர்ந்தோருக்குரிய குளிசையை உடைத்துப் பாதியைப் பிள்ளைக்குக் கொடுப்பதும் தவறு.

காய்ச்சலோடு வரும் நோவு

நம் நாட்டில் வாழ்வோர் சிறப்பாக மனத்திற்கொள்ள வேண்டிய விடயம் ஒன்றுண்டு. உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் நோகின்றது. அதனோடு காய்ச்சலும் இருக்கின்றது என்றால், அது வெறும் தசைப்பிடிப்பு அன்று. டெங்குக் காய்ச்சல் இவ்வாறே தொடங்குகிறது. டெங்கு நோயாளர் டைக்குளோபெனாக், இபுபுரோபென், அஸ்பிரின் ஆகியவற்றுள் எதையேனும் உண்டால் இரத்தப்பெருக்கு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். பெயர் தெரியாத கூட்டுக்குளிசைக்குள் இவற்றுள் ஒன்று ஒளிந்திருக்கக்கூடும். காய்ச்சலுக்கு உரிய அளவிற் பரசிற்றமோல் மட்டுமே கொடுத்து, தாமதியாது வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

காலபோகத்திலும் சிறுபோகத்திலும் சேற்றில் நின்று வேலை செய்யும் கமக்காரருக்கு இன்னோர் எச்சரிக்கை. வயலில் இறங்கிய சில நாட்களுக்குப் பின் காய்ச்சலும், கெண்டைக்காற் தசையிற் கடும் நோவும், கண்சிவப்பும் தோன்றினால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். 2024ஆம் ஆண்டு மார்கழியில் வெள்ளத்தின் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் உயிர்களைக் குடித்த நோய் இதுவே. அது ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். வேலைக் களைப்பினால் வந்த பிடிப்பு என்றெண்ணி நோவுக் குளிசையால் அதனை மூன்று நாள் அடக்கிவைத்தால், சிகிச்சைக்குரிய காலம் கைநழுவிப் போய்விடும்.

இன்னும் சில குறிகள் உடனே ஆஸ்பத்திரியை நாட வேண்டியவை. நெஞ்சை அழுத்தி இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு வாய்வுப்பிடிப்பு அன்று, மாரடைப்பாக இருக்கலாம். நாரி நோவோடு கால் சோர்வதும், தொடைகளின் இடைப்பகுதி மரத்துப்போவதும், மலசலம் கட்டுப்பாடிழப்பதும் முண்ணாண் நரம்புகள் நெரிபடுவதைக் காட்டுவன. ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கி நொந்தால் அங்கே இரத்தக்கட்டி இருக்கலாம். காயம்பட்ட சில நாட்களில் வாய் திறக்கமுடியாது தாடை இறுகினால் அது ஏற்புவலியாக இருக்கலாம். கொலஸ்திரோலைக் குறைக்க அற்றோவாஸ்ரற்றின் போன்ற மருந்தை உண்பவர்களுக்குத் தசைநோவு கண்டால், அம்மருந்தே காரணமாக இருக்கவும் கூடும். தாமாக மருந்தை நிறுத்தாது வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும். சிறுநீர் கறுத்துப்போனால் அன்றே செல்ல வேண்டும்.

பாவிக்கும் முறை

நோவு தாங்கமுடியாதிருக்க, வைத்தியர் கூட்டுக்குளிசையைத் தந்தால், பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுங்கள்.

1. உண்ணுமுன் இயற்பெயர்களையும் மில்லிகிராம் அளவையும் படியுங்கள். பரசிற்றமோல் இருப்பின், வேறெந்தப் பரசிற்றமோற் குளிசையையும் அன்று நிறுத்திவிடுங்கள்.

2. ஏற்கெனவே உண்டுவரும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, வைத்தியருக்கும் மருந்தாளருக்கும் சொல்லுங்கள்.

3. பரசிற்றமோல் உள்ள மருந்தின் இரு வேளைகளுக்கிடையே குறைந்தது நான்கு மணித்தியாலம் செல்ல வேண்டும். வைத்தியர் இதனினும் நீண்ட இடைவெளி சொல்லியிருந்தால் அதுவே விதி. ஒரு வேளை தவறினால் அடுத்த வேளைக்கு இருமடங்கு எடுக்கலாகாது.

4. அழற்சி தணிக்கும் மருந்து கலந்ததாயின் உணவுக்குப் பின் உண்ணுங்கள். மலம் தார்போற் கறுத்துப்போனால் உடனே நிறுத்தி வைத்தியரிடம் செல்லுங்கள்.

5. முதல் வேளையை வீட்டிலிருக்கும்போது உண்டு, நித்திரை மயக்கம் எவ்வளவு என்பதை அறிந்துகொள்ளுங்கள். மயக்கம் உள்ளவரை வாகனம் ஓட்டலாகாது. மதுவும் ஆகாது.

6. சொல்லப்பட்ட நாட்கள் முடிந்ததும் நிறுத்துங்கள். நோவு மாறாவிடின் மேலும் வாங்கி உண்ணாது, மீண்டும் வைத்தியரைக் காணுங்கள்.

7. மிஞ்சியதை அயலவருக்குக் கொடாதீர்கள். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில், பெயர் எழுதிய உறையுடனேயே வையுங்கள்.

மருந்தோடு மருந்தில்லா வைத்தியமும் வேண்டும். சூட்டு ஒத்தடம் இறுகிய தசைக்கு நல்ல இதம் தரும். நம் பாட்டிமார் கொடுத்த உப்பு ஒத்தடமும், நொச்சியிலை ஒத்தடமும் அவ்வகையினவே. ஆயினும், நீரிழிவினால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாது; தோல் வெந்துவிடும். அவர்களுக்கு ஒத்தடம் கொடுப்பவர் முதலில் தம் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். நாட்கணக்காகப் படுத்திருப்பதும் நன்றன்று. நோவு பொறுக்கக்கூடிய அளவுக்கு எழுந்து நடமாடுபவரே விரைவிற் சுகமடைகிறார்.

இரவில் நித்திரையிலிருக்கும்போது கெண்டைக்காலைச் சுண்டி இழுக்கும் குரக்குவலிக்கு இக்கூட்டுக்குளிசைகள் வேண்டியதில்லை. காலை நீட்டி, பாதத்தின் முன்பகுதியை முழங்காற் பக்கமாக இழுத்துப் பிடித்தால், குளிசை இரைப்பையிற் கரையுமுன்னரே அது விட்டுவிடும். பூசும் தைலங்களைப் பற்றியும் பலருக்கு ஐயமுண்டு. அளவோடு பூசுவது பெரும்பாலும் தீங்கற்றது. ஆயினும் வோபரின் உண்பவர்கள் காரமான நோவுத்தைலங்களைத் தாராளமாகப் பூசுமுன் வைத்தியரைக் கேட்க வேண்டும். அவற்றிற் பலவற்றில் அஸ்பிரினின் இனத்துப் பொருள் உண்டு, அது தோலினூடே இரத்தத்திற் சேரும்.

அளவு மீறிவிட்டால்

கணக்குத் தவறிவிட்டது என்று தெரிந்தால், நோய்க்குறி தோன்றும் வரை காத்திருத்தல் ஆகாது. பரசிற்றமோலின் நஞ்சு வஞ்சகமானது. முதல் நாளிற் சிறிது ஓங்காளம் மட்டும் இருக்கும். அல்லது ஒன்றுமே இராது. மறுநாள் சுகமாகிவிட்டாற்போலவும் தோன்றும். அதன் பின்னரே கண் மஞ்சளாகி, ஈரல் அழிவது வெளிப்படும். நஞ்சை முறிக்கும் அசிற்றைல்சிஸ்ரீன் என்னும் மருந்து ஆஸ்பத்திரிகளில் உண்டு. உண்ட எட்டு மணித்தியாலத்துள் அதனைக் கொடுத்தால் ஈரலைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். பிந்தப் பிந்தப் பயன் குறையும். ஆகவே வெட்கமோ பயமோ பாராது, இரவென்றும் பகலென்றும் பாராது, குளிசையின் உறைகளையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். வாகனம் இல்லாவிடின் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் நோயாளர் வண்டி வரும். இரண்டு மூன்று நாட்களாகச் சிறிது சிறிதாக மிகுதியாய் உண்டவர்களும் இவ்வாறே செய்ய வேண்டும். அவர்களின் ஆபத்தும் குறைந்ததன்று.

இன்று ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லோரும் கூடியிருப்பீர்கள். படிக்கும் பிள்ளைகளை அழைத்து, அலுமாரியிலுள்ள குளிசைகளையெல்லாம் மேசைமேற் பரப்பி, ஒவ்வொன்றின் இயற்பெயரையும் ஒரு கடதாசியில் எழுதச் சொல்லுங்கள். பரசிற்றமோல் எத்தனை பெயர்களில் உங்கள் வீட்டிற் குடியிருக்கின்றது என்பது அப்போது தெரியவரும். பெயரற்றவற்றையும் காலம் கடந்தவற்றையும் அப்புறப்படுத்திவிட்டு, அக்கடதாசியை அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். நடுநிசியில் நோவோடு எழுந்து மருந்து தேடுபவருக்கு அது வழிகாட்டும்.